மூக்கொழுகும் பிள்ளைக்கு என்ன குறை?

ஐப்பசி பிறந்ததும், தண்ணீர் வரும் ஆண்டுகளில், துரிஞ்சலாற்று வெள்ளம் கீரனூரிலிருந்து நந்தன் கால்வாய் வழியே பனமலை ஏரிக்கு வந்து சேரும். அதே வாரங்களில் செஞ்சி, விக்கிரவாண்டி வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாசலில் ஒரு புகார் திரும்பத் திரும்பக் கேட்கும்: "பிள்ளைக்கு மாசாமாசம் சளி புடிக்குது. ஒடம்புல எதிர்ப்பு சக்தியே இல்ல. ஏதாச்சும் சத்து டானிக்கா எழுதிக் குடுங்க."

இப்படிக் கேட்கும் தாயின் கவலையைக் குறைத்துப் பேச முடியாது. நடவுக்கோ களையெடுப்புக்கோ போக முடியாமல் ஒரு நாள் கூலி போகிறது. பேருந்துக் கட்டணம், மருந்துக் கடைச் செலவு எல்லாம் சேர்கின்றன. இரவெல்லாம் மூக்கடைத்து அழும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, விடிந்ததும் கையில் ஒரு பாட்டில் மருந்து இருந்தால்தான் மனம் ஆறுகிறது. ஆனால், பிள்ளையின் உடலில் ஏதோ குறை இருக்கிறது, அதைக் காசு கொடுத்து வாங்கி நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் தவறானது. அந்தத் தவறை நம்பித்தான் இன்று ஒரு பெரிய வணிகம் நடக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐந்து வயதுக்கு உட்பட்ட, நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. பெரியவர்களுக்கு இரண்டு மூன்று முறை. சளிக்குக் காரணமான ரைனோ வைரஸில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆர்எஸ்வி, அடினோ, பாராஇன்ஃப்ளுயன்சா, சாதாரணக் கொரோனா வகைகள் எல்லாம் தனி. ஒன்றுக்கு எதிராக உடல் பெற்ற பாதுகாப்பு அடுத்ததற்குப் பெரிதாக உதவாது. அங்கன்வாடியிலோ எல்கேஜியிலோ புதிதாகக் கால்வைக்கும் பிள்ளை இத்தனையையும் ஒவ்வொன்றாகச் சந்தித்தாக வேண்டும். அந்த எட்டில் பாதிக்கு மேல் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வந்துவிடுவதால் 'மாசாமாசம்' என்று தோன்றுகிறது. ஒவ்வொன்றும் ஏழு முதல் பத்து நாள் நீடிக்கும். இருமல் இன்னும் சில நாள் இழுக்கும். ஒன்று முடியும் முன்னே அடுத்தது தொற்றினால் பிள்ளைக்கு எப்போதும் சளி இருப்பதாகவே வீட்டில் தெரியும்.

மூக்கு ஒழுகுவது, தும்மல், மிதமான காய்ச்சல், உடல்வலி ஆகியவற்றில் பெரும்பகுதி வைரஸ் நேரடியாகச் செய்யும் சேதம் அல்ல. அதை எதிர்த்து நம் உடல் செய்யும் வேலையின் விளைவு அது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதும் வெள்ளையணுக்கள் வந்து சேர்ந்ததன் அடையாளமே. நிறம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. எதிர்ப்பு சக்தியை 'ஏற்றிக்கொண்டே போவது' நல்லது என்பதும் சரியல்ல. தேவையில்லாத இடத்தில் அது கூடினால் அதற்குப் பெயர் ஒவ்வாமை, ஆஸ்துமா. உடலுக்கு வேண்டியது சரியான நேரத்தில் கிளம்பி, வேலை முடிந்ததும் அடங்கும் ஆற்றல்.

இந்த ஆற்றல் எப்படிச் சேர்கிறது என்பதற்கு நம் வட்டாரமே ஒரு கொடூரமான சான்றைத் தந்திருக்கிறது. 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அங்கே ஒரே நேரத்தில் நூறு ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் நிறுத்தப்பட்டதில்லை; ஆனாலும் பத்தாண்டுகளில் 1,200 பேர் இறந்தார்கள் என்று பழைய ஆங்கிலேயப் பதிவுகள் சொல்கின்றன. கர்நாடகப் பகுதியிலேயே உடலுக்கு ஒவ்வாத இடம் என்று செஞ்சிக்குப் பெயர் இருந்தது. அவர்களைக் கொன்றது பெரும்பாலும் காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும். சாதாரணச் சளி அல்ல. ஆனால் அதே மலையடியில் உழுது விதைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கிருமிகளோடு பிறந்து வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்துக்கு அவர்களும் எத்தனையோ குழந்தைகளைப் பலிகொடுத்திருப்பார்கள். அதை எழுதிவைக்கத்தான் யாருமில்லை. உடல் சந்தித்துத்தான் கற்கிறது. அந்தச் சந்திப்பில் பிள்ளை தப்பிப் பிழைக்க வழி செய்வதே நாகரிகம். தடுப்பூசி, உணவு, சுத்தமான காற்று, ஓய்வு ஆகிய நான்கும்தான் அந்த வழி. இவை நான்கும் தனி மனிதரின் பணப்பையைவிட ஊரையும் அரசையுமே அதிகம் சார்ந்தவை.

இதை மறந்து பாட்டிலில் தேடியதன் விலையை 2025 அக்டோபரில் பார்த்தோம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி, இருமல், காய்ச்சல் என்று போன குழந்தைகளுக்குக் 'கோல்ட்ரிஃப்' என்ற சிரப் எழுதிக் கொடுக்கப்பட்டது. சிறுநீரகம் செயலிழந்து 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை நச்சு 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம்.

இது புதிய நச்சும் அல்ல. 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றது. 1972இல் நம் சென்னையிலேயே குழந்தைகளின் உயிரைப் பறித்தது. 2022இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சிரப்புகளும் இந்தியாவில் தயாரானவை. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்த ஒரு நச்சு, சாதாரணச் சளிக்காக வாங்கிய மருந்தின் வழியே குழந்தைகளின் வயிற்றுக்குள் போகிறது என்றால் அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

நச்சு கலக்காத சிரப் என்றாலும் கேள்வி தீராது. கோல்ட்ரிஃபில் இருந்த குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய அரசு 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு எழுதியது. காரணம் எளிது. இவை சளியின் நாட்களைக் குறைப்பதில்லை. தூக்கத்தையும் படபடப்பையும் தருகின்றன. பிள்ளை தூங்கிவிடுவதால் மருந்து 'கேட்டுவிட்டது' என்று நினைக்கிறோம்.

பெரியவர்களின் கதை வேறு. அவர்களுக்குச் செட் மாத்திரை. நம் ஊர்களில் மருந்துக் கடைக்குப் போய், "சளி, ஒடம்பு வலி, ரெண்டு செட்டு குடுங்க" என்றால், பெயர் தெரியாத நாலைந்து மாத்திரைகளை வெட்டி ஒரு காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். அதில் பல நேரம் ஒரு ஆன்டிபயாடிக் இருக்கும். பல நேரம் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். ஒரே வேளையில் உடம்பு லேசாகிவிடுவதற்கு அந்த ஸ்டீராய்டுதான் காரணம். அது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. அடிக்கடி எடுத்தால் சர்க்கரை ஏறும், இரத்த அழுத்தம் ஏறும், எலும்பு தேயும். எதிர்ப்பு சக்தி வேண்டும் என்று தவிக்கும் மக்களுக்கு அதைக் குறைக்கும் மாத்திரையை மருந்துச் சீட்டே இல்லாமல் விற்கிறோம். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்களைத்தான் வளர்க்கும். இந்த ஆபத்தைப் பற்றி நாட்டுக்கே எச்சரித்த பிரகடனம் 2012இல் சென்னையின் பெயரில்தான் வெளிவந்தது. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவர் சங்கம் தன் மருத்துவர்களிடமே, பருவகாலச் சளி, இருமல், காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. செட் மாத்திரை விற்பனையைத் தடுக்கப் புதுச் சட்டம் வேண்டாம். இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஆய்வாளர்கள் வேண்டும்.

வைட்டமின் சி பற்றியும் சொல்லிவிடலாம். நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் 1970இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியதிலிருந்து உலகம் முழுக்க அந்த மாத்திரை விற்கிறது. பின்னர் நடந்த ஆய்வுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்ததில், தினமும் எடுத்தாலும் பொதுமக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளியின் காலம் பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதமும் குழந்தைகளுக்குச் சுமார் 14 சதவீதமும் குறைந்தது. பெரியவர்களின் ஏழு நாள் என்பது ஆறரை நாள் ஆனது. அந்த அரை நாளுக்கு நூறு கிராம் கொய்யாவே போதும். அதில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சைப்போல் சுமார் நான்கு மடங்கு.

ஆனால் அந்தக் கொய்யாவைத்தான் நாம் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான். சளி என்றதும் வீட்டில் முதலில் நடப்பது, தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது. வாழைப்பழம் சளி, கொய்யா சளி, தயிர் சளி, மோர் குளிர்ச்சி, கீரை மந்தம், முட்டை செரிக்காது. கடைசியில் மிஞ்சுவது கடுங்காப்பியும் பிஸ்கட்டும். ஆண்டுக்கு எட்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நாள் இப்படிப் பத்தியம் வைத்தால், அந்தப் பிள்ளை ஆண்டில் எண்பது நாள் அரை வயிற்றோடு வளர்கிறது. அடுத்த சளி வரும்போது உடம்பில் இருப்பு இருக்காது. வாழைப்பழமோ தயிரோ சளியை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ஒரு குறிப்பிட்ட உணவு ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தாய் பலமுறை கண்டிருந்தால் அதை மட்டும் நிறுத்தலாம். மற்றதையெல்லாம் கொடுக்க வேண்டும். சளி விட்ட பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாகவே கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதற்கு முந்தைய ஆய்வில் இது சுமார் 51 சதவீதம். கூடியிருக்கிறது! 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இதே நிலை. இரும்புச்சத்தும் புரதமும் குறைந்த உடலால் போதிய எதிர்ப்பணுக்களை உருவாக்க முடியாது. இத்தனைக்கும் செஞ்சி வட்டாரம் மணிலா எனும் வேர்க்கடலை விளையும் மண். நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் அளவுக்குப் புரதம். அதை மூட்டை கட்டிச் செஞ்சி விற்பனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அந்தக் காசில் சத்துமாவு டப்பா வாங்குகிறோம். அந்த டப்பாக்கள் பலவற்றில் சர்க்கரையே தாராளம். ஒரு கைப்பிடி அவித்த மணிலா, ஒரு முட்டை, முருங்கைக்கீரை போட்ட கம்பு அடை, பருப்பு சாதம்: இதைவிடப் பெரிய மருத்துவக் குறிப்பு எந்தக் குழந்தைநல மருத்துவரிடமும் இல்லை. பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை தருகிறது அரசு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இருக்கிறது. சளி என்று பிள்ளையைப் பள்ளியில் முட்டை சாப்பிட விடாதீர்கள் என்று சொல்லியனுப்பும் பெற்றோரிடம் ஆசிரியர்கள் பேச வேண்டும்.

பாட்டிகள் சொன்னதெல்லாம் பிழை என்று சொல்லவில்லை. குளிரால் மட்டும் சளி வராது, வைரஸ் வேண்டும் என்பதை இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946 முதல் 1990 வரை இயங்கிய சளி ஆராய்ச்சி நிலையம் பலமுறை சோதித்துக் காட்டியது. ஆனால் 2005இல் கார்டிஃபில் 90 பேரின் கால்களைக் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் வைக்கச் செய்தார்கள்; வேறு 90 பேர் அப்படிச் செய்யவில்லை. அடுத்த சில நாட்களில் முதல் குழுவில் 13 பேர் சளி பிடித்ததாகச் சொன்னார்கள், மற்றதில் 5 பேர். மூக்கில் ஏற்கெனவே தங்கியிருந்த வைரஸுக்குக் குளிர் வழிவிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். மழையில் நனைந்த பிள்ளையின் தலையையும் காலையும் துவட்டி உலர்ந்த துணி போடுவதில் அர்த்தம் இருக்கிறது. மிளகு ரசமும், தூதுவளைத் துவையலும், கற்பூரவள்ளிச் சாறும் தொண்டைக்கு இதம். சூடான திரவம் உடலுக்குள் போவதே நல்லது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அரைத் தேக்கரண்டி தேன் இரவு இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. நரம்பைத் தாக்கும் ஒரு அபாயகரமான நோய் அதனால் வரலாம். மூக்கில் எண்ணெய் விடுவதும், கைக்குழந்தையின் மூக்கருகே கற்பூரம் தடவுவதும், கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிமேல் பிள்ளையைக் கவிழ்ப்பதும் ஆபத்து. கற்பூரம் வலிப்பை வரவழைக்கும். ஆவி பிடிக்கப்போய்த் தீக்காயத்தோடு வரும் பிள்ளைகளை மருத்துவமனைகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கின்றன.

புகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குளிப்பாட்டியதும் கைக்குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுகிறோம். சளி பிடிக்கக் கூடாது என்றுதான் காட்டுகிறோம். அந்தப் புகை சுவாசக் குழாயின் உட்பூச்சை அரித்து வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. எரிவாயு அடுப்பு வந்துவிட்ட வீடுகளிலும் சிலிண்டர் விலைக்குப் பயந்து வெந்நீருக்கும் சோற்றுக்கும் வேலிக்காத்தான் விறகுதான் எரிகிறது. மழைக்காலத்தில் வெளியே அடுப்பு மூட்ட முடியாது. அடுப்பு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஈர விறகு. சன்னலைச் சாத்தியாயிற்று. மூலையில் கொசுவத்திச் சுருள். திண்ணையில் தாத்தாவின் பீடி. இந்த ஒற்றை அறைக்குள் ஐந்து பேர் படுக்கிறார்கள், ஒருவருக்குச் சளி. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகை குழந்தைகளுக்கு நுரையீரல் தொற்று வரும் வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்தச் சூரணமும் இந்த அறையை வெல்லாது. புகைபோக்கியும், மழையிலும் திறந்துவைக்கக்கூடிய சாரல் தடுப்புள்ள சன்னலும் வேண்டும். அரசு கட்டிக் கொடுக்கும் வீடுகளின் வரைபடத்தில் இவ்விரண்டையும் கட்டாயமாக்கினால், அதுவே பல ஆண்டுகளுக்குப் பலன் தரும் சுகாதாரத் திட்டம்.

தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஷெல்டன் கோஹன் குழு ஆரோக்கியமானவர்களின் மூக்கில் ரைனோ வைரஸைச் சொட்டாக விட்டுப் பார்த்தது. ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி வரும் வாய்ப்பு, எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் தூங்கியவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று 2009இல் வெளியிட்டது. இரவு பதினொரு மணிவரை கைப்பேசி பார்த்துவிட்டு, விடியற்காலையில் பள்ளி வேனுக்காக எழுப்பப்படும் பிள்ளைக்கு டானிக் வாங்குவதில் பொருளில்லை.

ஒரே முந்தானையில் மூன்று பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினாலே பாதித் தொற்றாவது குறையாதா என்று கிராமச் செவிலியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சோப்புப் போட்டுக் கைகழுவும் பழக்கம் மட்டுமே சுவாசத் தொற்றுகளை ஐந்தில் ஒரு பங்கு வரை குறைக்கும். ஆனால், குழாய் இருக்கும் பள்ளியில் சோப்பு இல்லை. சோப்பு வாங்கிய பள்ளியில் தண்ணீர் வருவதில்லை.

தடுப்பூசியில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்படும் உரிமை உண்டு. ஹிப் கிருமிக்கு எதிரான பாதுகாப்பும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கிய இரு மாநிலங்களில் நம்முடையது ஒன்று; கேரளம் மற்றொன்று. நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி 2021 முதல் இலவசம்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். சாதாரணச் சளியை இவை நிறுத்தா. சளி, நிமோனியாவாக முற்றி உயிரைப் பறிப்பதைத் தடுக்கும். 'எதிர்ப்பு சக்தி ஊசி' என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான், காசில்லாமல் கிடைக்கிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒன்பதாவது மாத ஊசி தவறிப்போவதுதான் கவலை. திரும்பி வந்ததும் அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

எப்போது பயப்பட வேண்டும் என்பதும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, உடனே மருத்துவமனை. தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைவரை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் வயது எதுவானாலும் காசநோய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். எடை ஏறாத பிள்ளை, திரும்பத் திரும்ப நிமோனியா வரும் பிள்ளை, காதில் சீழ் வடியும் பிள்ளை ஆகியோருக்குத்தான் உண்மையிலேயே எதிர்ப்பாற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ச்சலே இல்லாமல் விடியற்காலையில் தும்மலும், இரவில் இருமலும், நெஞ்சில் இழுப்பும் இருந்தால் அது பெரும்பாலும் சளி அல்ல, ஒவ்வாமையாகவோ ஆஸ்துமாவாகவோ இருக்கலாம். மணிலா உடைக்கும் காலத்துத் தூசியால் நம் வட்டாரத்தில் இது அதிகம் தென்படும். அதற்கு இன்ஹேலர் உண்டு. "பழகிடும்" என்ற பயத்தில் அதைத் தள்ளிவைத்து, மாதாமாதம் சிரப் ஊற்றும் வீடுகள் எத்தனையோ.

2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் அரை மீட்டர் மழை கொட்டியது. அன்று ஏரிக்கரைகளுக்கு மணல்மூட்டை தேடி ஊரே ஓடியது. மழை வருமுன்பே ஆயத்தமாக ஒரு வாய்ப்பு உண்டு: ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு வாரம் முன்பு, சரியான நேரம். கரை பலப்படுத்தும் தீர்மானத்தோடு இவற்றையும் சேர்க்கலாம்: பள்ளி, அங்கன்வாடிச் சன்னல்களுக்குச் சாரல் தடுப்பு, குழாயடியில் மழைக்காலம் முழுக்கச் சோப்பு, தடுப்பூசி தவறிய குழந்தைகளின் பட்டியலைக் கிராமச் செவிலியர் சபையில் வாசிப்பது, சீட்டில்லாமல் செட் மாத்திரை விற்கும் கடைகள் மீது மருந்து ஆய்வாளருக்கு எழுத்துப்பூர்வமான புகார், சளியோடு வரும் பிள்ளையை வருகைப் பதிவுக்காகப் பள்ளியில் உட்கார வைக்காமல் இரண்டு நாள் வீட்டில் விட அனுமதி. கடைசியாகச் சொன்னது நடக்க, அந்த இரண்டு நாளும் கூலி இழக்கும் தாய்க்கு ஒரு வழி செய்ய வேண்டும். நூறு நாள் வேலைத் தளங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று சட்டம் 2005இலேயே சொல்லியிருந்தது. அந்த ஏற்பாடு தளத்தில் இருந்ததா என்ற கேள்வியைப் பனமலையிலும் சுற்றுவட்டார ஊராட்சிகளிலும் பெண்கள் எழுந்து கேட்க வேண்டும்.